விளக்குக்கு அடியில் மாடத்தி

19 ஜனவரி 2009, திங்கள்

காலை பத்தரைக்கு மேலக்கரையூர் வந்து சேர்ந்தேன். பஸ் நிலையத்துக்குக் கார் வந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு இந்த வருடம் நூறு வயது. பிப்ரவரி 14 நூற்றாண்டு விழா, கலெக்டர் வருகிறார். அதற்குள் பிரார்த்தனைக் கூடத்தில் தொங்கும் எண்ணெய் வண்ண ஓவியத்தை அழுக்கெடுத்து, இரண்டு கிழிசலை ஒட்டி, பார்க்கும்படியாக ஆக்கித் தர வேண்டும். பதினான்கு வருடமாக என் வேலை இதுதான்.

ஏழடி நீளம், நாலரையடி உயரம். கீழ் ஓரத்தில் 1912 என்று இருக்கிறது. வரைந்தவர் பெயர் இல்லை. ஒரு வகுப்பறை. நடுவில் நாற்காலியில் பள்ளியைத் தொடங்கிய ஆறுமுகத்தாணு. பாயில் ஐந்து பையன்கள். மேசையில் பூகோள உருண்டை, பிரம்பு. வலது பக்கம் வெறும் சுவர், அதன் முன்னால் சங்கிலியில் தொங்கும் ஒரு விளக்கு.

இப்போதைய தாளாளர் சிதம்பரதாணு அவருடைய பேரன். அறுபத்தெட்டு வயது இருக்கும். அவர் வீட்டு மாடி அறையில்தான் தங்கல், சாப்பாடும் அவர்கள் வீட்டில். மத்தியானம் அவர் மனைவி கோமதியம்மாள் பரிமாறினார்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"தூத்துக்குடி."

"தூத்துக்குடில எங்க?"

"ஸ்டேஷனுக்குப் பின்னால."

"அப்பா என்ன செய்தாக?"

"ஹார்பர்ல வேலை. இப்ப ரிட்டயர்டு."

"ஆபீஸ்லயா?" என்று கேட்டபடியே இன்னொரு கரண்டி சொதி ஊற்றினார். நான் சொதி நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

20 ஜனவரி, செவ்வாய்

தூசி எடுத்தேன். பின்பக்கத் துணியில் மட்டும் இரண்டு குளவிக்கூடு.

21 ஜனவரி, புதன்

குச்சியில் பஞ்சு சுற்றி, நாக்கில் தொட்டு, ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக அழுக்கெடுத்துக்கொண்டிருந்தேன். எச்சிலைப் போலப் பதமாக அழுக்கெடுக்கும் மருந்து கிடையாது. இந்தத் தொழிலில் எல்லா நாட்டிலும் இப்படித்தான். ஆறுமுகத்தாணுவின் நெற்றி முடிந்து கன்னத்துக்கு வந்தபோது பின்னால் தாளாளர் நிற்பது தெரிந்தது.

"எச்சிலா அது?"

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க படிச்சவுக, சரியாத்தான் இருக்கும். ஆனா தாத்தா முகம்லா. வேற ஏதாவது வச்சுத் தொடைங்க."

மத்தியானத்திலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர். வேலை மூன்று மடங்கு மெதுவாகப் போகிறது.

22 ஜனவரி, வியாழன்

அழுக்கு போகப் போக ஓவியர் கெட்டிக்காரர் என்று தெரிகிறது. அந்தக் காலத்து வகுப்பறைப் படங்களில் யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும், யாருக்கு எவ்வளவு கல்வி என்று விளங்கிவிடும். இதிலும் அப்படித்தான். கடைசிப் பையன் மணலில் விரலால் எழுதுகிறான். அடுத்தவன் மடியில் ஓலை. அதற்கடுத்தவனிடம் சிலேட்டு. முன்னால் இருக்கும் இருவரிடம் காகித நோட்டும் மைக்கூடும். பிரம்பு மேசையில் கிடக்கிறது, அதன் மேல் பூகோள உருண்டையின் கால். பிரம்பை எடுக்க வேண்டுமானால் உலகத்தைத் தூக்கி நகர்த்த வேண்டும். அடிக்காத வாத்தியார் என்று சொல்கிறார் ஓவியர்.

ஆனால் வாத்தியார் கையில் புத்தகம் இல்லை. இவ்வகைப் படங்களில் வாத்தியார் கையில் புத்தகம் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. இடது கை வெறுமனே மலர்ந்திருக்கிறது. வலது கை விரல் அந்த விளக்கைக் காட்டுகிறது. ஐந்து பையன்களும் விளக்கைத்தான் பார்க்கிறார்கள்.

தாளாளரிடம் கேட்டேன். "தாத்தா புத்தகம் பாக்காமலே நடத்துவாகளாம். வெளக்குன்னா ஞானம். வருசா வருசம் சரஸ்வதி பூசைக்கு அந்த வெளக்குக்குத்தான் சந்தனம் வப்போம்" என்றார். உண்மைதான், அந்த இடத்தில் கனமாகச் சந்தனக் கறை.

ஜன்னலிலிருந்து பாயில் வெயில் விழுகிறது. பட்டப்பகலில் விளக்கு எதற்கு? அதுவும், நடமாடுகிற ஆள் தலையில் இடிக்கும் உயரத்தில்.

23 ஜனவரி, வெள்ளி

மத்தியானம் கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் அடைத்து, புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பழைய வார்னிஷ் பச்சையாக மினுங்கும். பிற்பாடு பூசிய வண்ணம் கறுப்பாகத் தெரியும். வலது பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பு. விளக்கும் சுவரும் ஓவியர் வரைந்தவை அல்ல.

24 ஜனவரி, சனி

தாளாளரிடம் சொன்னேன். நான் பயந்ததற்கு மாறாக அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சரஸ்வதியா இருக்கும். தாத்தா பெரிய உபாசகராம். தொறந்து பாத்துருங்க. கலெக்டர் வாரப்ப சரஸ்வதி தெரியணும்."

சரஸ்வதியாக இருக்காது என்றுதான் தோன்றியது. சொல்லவில்லை.

27 ஜனவரி, செவ்வாய்

கீழிருந்து தொடங்கினேன். கரைப்பான், கத்தி, உருப்பெருக்கி. மூன்று மணிக்கு ஒரு கட்டைவிரல். ஐந்து மணிக்கு முழுப் பாதம். வெறும் கால், புழுதி படிந்தது. கொலுசு இல்லை.

28 ஜனவரி, புதன்

இரண்டாவது பாதம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பழுப்புத் துணி. காலடியில் ஒரு சிலேட்டு, அதில் எழுத்து. நாளைக்குப் படிக்க வரும்.

அம்மாவிடம் போனில் பேசினேன். என்ன சாமி படமா என்றாள். பள்ளிக்கூடப் படம் என்றேன். "அங்க யாரும் ஒண்ணும் கேக்கலயே?" என்றாள். இல்லை என்றேன்.

30 ஜனவரி, வெள்ளி

முழுவதும் வெளியே வந்துவிட்டாள்.

எட்டு ஒன்பது வயதுச் சிறுமி. கழுத்திலும் காதிலும் ஒன்றும் இல்லை. எண்ணெய் காணாத தலை. இரண்டு கையாலும் பெரிய புத்தகத்தைப் பிடித்து நின்று வாசிக்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது. வாத்தியார் கையில் இருந்திருக்க வேண்டிய புத்தகம். அதைக் கொடுத்த கைதான் இன்னும் மலர்ந்திருக்கிறது. விரல் இவளைத்தான் காட்டுகிறது. பையன்கள் இவளைத்தான் கேட்கிறார்கள். நோட்டு, மைக்கூடு, ஓலை, மணல், எல்லாம் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் நிற்கிறாள். சிலேட்டில் அவள் பெயர்: மாடத்தி.

தலைமையாசிரியை தனபாக்கியம் டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பேரை நான் எங்கயோ வாசிச்சிருக்கேன்" என்று சொல்லிப் போனார்.

ஆறு மணிக்குத் தாளாளர் வந்தார். சரஸ்வதியைப் பார்க்க வந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பார்த்து, திரும்பப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கதவைப் பூட்டிக்கிடுங்க. யாரையும் உள்ள விடாண்டாம்."

31 ஜனவரி, சனி

காலையில் தாளாளர் என்னை உட்காரச் சொல்லிப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"எங்க அப்பாதான் மூடச் சொன்னாக. முப்பத்தெட்டாம் வருசம் வீட்ல இருந்த படத்தை ஸ்கூலுக்குக் கொண்டாந்தப்ப. அப்பா சாகும்போது எங்கிட்ட சொன்னாக, வெளக்குக்குக் கீழ என்னமோ இருக்கு, தொடாதேன்னு. நான் சாமி படம்னு நெனச்சிட்டேன்."

"அழகான படம் சார். உங்க தாத்தாவுக்குப் பெருமைதான்."

"உங்களுக்கு இந்த ஊரு தெரியாது. ரெண்டு வருசம் முன்ன தேர் வடம் பிடிக்கதுல தகராறு. ஒருத்தனுக்குக் கை போச்சு. இப்பத்தான் ரெண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சுல உக்காருது. இந்தப் பிள்ளை எந்தத் தெருன்னு எவனும் பாத்த ஒடனே சொல்லிருவான். வாத்தியார் புஸ்தகத்தை அதுங்கையில குடுத்து, மத்தத் தெருப் பிள்ளைக தரையில இருந்து கேக்குதா? நூறு வருசக் கொண்டாட்டம் பத்து நிமிசத்துல சண்டைல முடியும்."

"என்ன செய்யச் சொல்றீங்க?"

"இருந்த மாதிரியே மூடிருங்க. வெளக்கு இருக்கட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் பயந்திருக்கிறார், அதுதான் உண்மை. ஆனால் அவருடைய பயத்துக்கு மாடத்தி ஏன் சுவருக்குள் போக வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. வந்திருந்தால் வேறு என்னென்னவோவும் சேர்ந்து வந்திருக்கும்.

2 பிப்ரவரி, திங்கள்

தனபாக்கியம் டீச்சர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நூற்றாண்டு அறிக்கைக்காகப் போன மாதம் புரட்டியபோது கண்ணில் பட்டதாம். வரிசை எண் 41. மாடத்தி. வயது 9. தகப்பன் பெயர் கொம்பையா. தொழில், தெரு எல்லாம் எழுதியிருக்கிறது. பள்ளியில் சேர்ந்தது 1910 ஜூன். பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. எதிரே ஆறுமுகத்தாணுவின் கையெழுத்து:

"அக்டோபர் 17. ஏனைய பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் ஒரு வாரமாக வரவில்லை. பள்ளி நடக்க வேண்டும். இன்று இச்சிறுமியின் பெயர் நீக்கப்பட்டது. நானே அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். இரண்டாம் பாடப் புத்தகம் முழுவதும் பிழையின்றி வாசிப்பாள்."

டீச்சர் பதிவேட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படம் 1912. பேரை எடுத்து ரெண்டு வருசம் கழிச்சு. அப்ப இது நடந்த வகுப்பு இல்ல ஜெயக்கொடி. நடந்திருக்கணும்னு அவர் நெனச்ச வகுப்பு."

பள்ளியில் வைக்க முடியாதவளைப் படத்தில் வைத்து, சாகும்வரை வீட்டில் எதிரே மாட்டி வைத்திருந்திருக்கிறார். அதை மகன் மூடினார். மறைத்த விளக்குக்குப் பேரன் சந்தனம் வைத்தார்.

4 பிப்ரவரி, புதன்

தாளாளருக்குப் பதிவேட்டு விஷயத்தைச் சொன்னோம். "நல்லதாப் போச்சு. அப்ப படம் பொய். அந்தப் பிள்ளை அன்னைக்கு வகுப்புலயே இல்ல. பொய்யை மூடுதது தப்பா?" என்றார். தனபாக்கியம் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கிறது.

போகும்போது தாளாளர் என்னிடம், "உங்க அப்பா பேரு சண்முகம்தானே? ஹார்பர்ல எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்காரு, கேட்டேன்" என்றார்.

5 பிப்ரவரி, வியாழன்

இன்று சாப்பாடு மாடிக்கே வந்துவிட்டது. இலையில். தண்ணீருக்குக் காகித டம்ளர். விழாவுக்கு ஆட்கள் வருகிறார்கள் அல்லவா, பாத்திரங்களை எடுத்து வைத்திருப்பார்கள்.

இடது மேல் மூலைக் கிழிசலை ஒட்டி முடித்தேன்.

6 பிப்ரவரி, வெள்ளி

இலை. காகித டம்ளர். சாப்பிட்ட இலையை நானே கீழே கொண்டுபோய்ப் போட்டேன். மாடிக்கு ஏறிப் போவது அந்த வீட்டு வேலைக்காரம்மாளுக்குச் சிரமம்.

9 பிப்ரவரி, திங்கள்

தாளாளர் முடிவு கேட்டார். மூட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது.

"சரி. சுடலைமணி வியாழக்கிழமை வாரான். போர்டு எழுதுதவன். எனாமல்ல ரெண்டு கோட் அடிச்சா முடிஞ்சுது."

எனாமல் அந்தப் பழைய வண்ணத்தில் நேரடியாக இறங்கினால் அப்புறம் யாராலும் அவளை மீட்க முடியாது. நானே மூடினால், வேண்டும்போது எடுக்கிற மாதிரி மூடலாம். அவளைக் காப்பாற்ற வேண்டுமானால் நானே அவளை மறைக்க வேண்டும். இதைச் சொல்லி அம்மாவிடம் போனில் அழுதேன்.

"எதுக்கு ஒனக்கு வம்பு. மூடச் சொன்னா மூடிட்டு வந்து சேரு. நாம மூடாததா?"

அம்மா அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

10 பிப்ரவரி, செவ்வாய்

சுவர் நிறத்தைக் கலந்தேன். சரியாக வந்தது, இதில் எனக்குக் கை தேர்ச்சி உண்டு. வலது பாதத்தின் கட்டைவிரலை மூடினேன். நாலு விரல் மிச்சம் இருக்கும்போது தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் துடைத்தேன்.

பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு, அவள் உருவம் முழுவதற்கும் கெட்டியாக மூன்று தடவை வார்னிஷ் ஏற்றினேன். இனி யார் எந்த வண்ணம் பூசினாலும் இந்த வார்னிஷின் மேல்தான் நிற்கும். வார்னிஷைக் கரைத்தால் மேல் வண்ணம் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். உரித்தெடுக்க இரண்டு நாள் வேலைதான்.

11 பிப்ரவரி, புதன்

உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். படத்தில் என்ன இருந்தது, எந்த வருடம் மூடினார்கள், யார் மூடினார்கள், பதிவேட்டில் என்ன இருக்கிறது, வார்னிஷை எப்படிக் கரைக்க வேண்டும். புகைப்படங்கள் இணைத்தேன். ஒரு பிரதி தனபாக்கியம் டீச்சருக்கு, ஒன்று அருங்காட்சியகத் துறைக்கு, ஒன்று கலெக்டர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில்.

டீச்சர் பிரதியை வாங்கும்போது, "என்னால மேடையில பேச முடியாது. ஆனா இதைப் பதிவேட்டோட சேத்துத் தச்சு வச்சிருவேன். அதை யாரும் எடுக்க முடியாது" என்றார். அவரால் ஆனது அது.

12 பிப்ரவரி, வியாழன்

சுடலைமணி ஒன்பது மணிக்கு வந்தார். டப்பாவை இறக்கி வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"யாரு வரைஞ்சதும்மா? உசுரா இருக்கு."

"தெரியலைங்க."

"இதை எதுக்கு அடிக்கச் சொல்லுதாக?" என்றவர், தாளாளர் வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். "நான் கூலிக்கு வாரவன்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் போகவில்லை. பக்கத்திலேயே நின்றேன். முதலில் கால், பிறகு துணி, பிறகு புத்தகம். முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். திறந்த வாயின் மேல் தூரிகை போனபோது வெளியே ஜன்னலோரத்தில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. கோமதியம்மாள். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

முடிந்ததும் தாளாளர் தட்டச்சு செய்த காகிதம் ஒன்றை நீட்டினார். படம் அதன் அசல் நிலைக்கு மீட்கப்பட்டது என்று நான் சான்றளிப்பதாக எழுதியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார். அந்தப் பிள்ளை உள்ளதான் இருக்கா. வார்னிஷ் ஏத்தி வச்சிருக்கேன். தெரிஞ்சவங்க யாரு வந்தாலும் ரெண்டு நாள்ல எடுத்துரலாம். இதை எழுதி மூணு இடத்துக்கு அனுப்பிட்டேன்."

அவர் முகம் கறுத்தது.

"நீ யாருன்னு எனக்குத் தெரியும்." முதல் தடவையாக 'நீ' என்றார். "எங்க வீட்டு அடுக்களை வரைக்கும் வந்து சாப்பிட்டிருக்க. முதல்லயே சொல்லியிருக்கணும்லா?"

காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"எங்க அப்பா ஹார்பர்ல கக்கூஸ் கழுவினாங்க சார். முப்பத்தோரு வருசம். யாராவது கேட்டா ஹார்பர்னு மட்டும் சொல்லுன்னு சொல்லி என்னைப் படிக்க வச்சாங்க. நானும் அப்படியே சொல்லிட்டேன். சொல்லியிருக்கணும்தான்."

சுடலைமணி தூரிகையைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். ஜன்னலில் இப்போது யாரும் இல்லை.

மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்தேன். இரண்டு மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். இலையில் சோறு போட்டதை நான் பாத்திரப் பற்றாக்குறை என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. இருக்கட்டும்.

14 பிப்ரவரி, சனி

தூத்துக்குடி. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "சொல்லிட்டியா" என்றார். அவ்வளவுதான். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

விழா நல்லபடியாக நடந்ததாம். கலெக்டர் படத்தின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாராம்.

3 மார்ச், செவ்வாய்

அருங்காட்சியகத் துறையிலிருந்து பதில் இல்லை. மதுரையில் வருவதாக இருந்த ஒரு கோவில் வேலை, "வேறு ஆள் ஏற்பாடாகிவிட்டது" என்று போனது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியாது.

18 மார்ச், புதன்

பதினொரு மணிக்குப் போன். தெரியாத எண்.

"கோமதி பேசுதேன். மேலக்கரையூர்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வெளக்கம் கேட்டுக் கடுதாசி வந்திருக்கு. அவுக பத்து நாளா ஒறங்கல. நேத்து நான் சொல்லிட்டேன், அன்னைக்கு அந்தப் பிள்ளை வாயை மூடினதை என்னால மறக்க முடியல, தொறக்க விடுங்கன்னு. என்னையும் எட்டாங் கிளாஸோட நிப்பாட்டினாகல்லா, அதையும் சொன்னேன். இன்னைக்குக் காலைல சரின்னுட்டாக. நீங்களே வந்து எடுத்துத் தரணும்."

"எங்க மாட்டுவாங்களாம்?"

சற்றுத் தயங்கினார். "ஆபீஸ் ரூம்ல. கூடத்துல வச்சா பேச்சு வரும்னு சொல்லுதாக."

"கூடத்துலதான் இருக்கணும்மா. பிள்ளைங்க தினமும் நிக்கிற இடத்துல. இல்லைன்னா நான் வரலை."

பின்னால் யாரோ இருமினார்கள், ஆண் குரல். கோமதியம்மாள் போனைப் பொத்திக்கொண்டு என்னவோ சொல்வதும், பதிலுக்கு ஏதோ முணுமுணுப்பும் கேட்டது. பத்தோ பதினைந்தோ விநாடிகள்தான்.

"சரின்னுட்டாக. கூடத்துலயே."

"அப்ப திங்கக்கிழமை வர்றேன்."

"எங்க தங்குவீங்க?" என்றார். கேட்டுவிட்டு, கேட்டதற்கு வருத்தப்படுவது போல் நிறுத்தினார்.

"நீங்க சொல்லுங்க" என்றேன்.

"எங்க வீட்லதான்" என்றார் கோமதியம்மாள். அதைச் சற்று உரக்கவே சொன்னார், பின்னால் இருப்பவருக்கும் கேட்கும்படி.